முதல் களவு நடந்த இடம்

எங்கட பட்ச்சுக்குள்ள ஒரு போட்டோக்கொப்பிப் புத்தகம் கன நாளாச் சுத்தித் திரிஞ்சது. வில்கி கொலின்ஸ் எழுதிய 'த மூன்ஸ்டோன்'. ஸ்பைரல் பைண்டிங், இடையிடையே கறுத்துப்போன பக்கங்கள், ஓரத்தில யாரோ ஒரு அக்கா பென்சிலால எழுதின குறிப்புகள். முன்மட்டையும் இல்லை, முதல் சில தாள்களும் இல்லை. ஏதோ முன்னுரைதானே போயிருக்கும் எண்டு நினைச்சு நாங்கள் மூன்று பேரும் மாறி மாறி வாசித்து முடித்தோம். ஒரு பெரிய வீடு, ஒரு வைரம், ஒரு இரவு, விடிஞ்சா வைரத்தைக் காணேல்ல. வீட்டுக்குள்ள இருக்கிற ஆக்களில எடுத்தது யார்? நல்ல கதை எண்டு சொல்லி அடுத்த ஆளிட்டக் குடுத்தாச்சு.

பிறகு ஒருநாள் இணையத்தில முழுப் புத்தகமும் கிடைத்தது. காணாமல் போன அந்தச் சில பக்கங்களை அப்போதுதான் வாசித்தோம். அவை முன்னுரை இல்லை. கதையே அங்கேதான் தொடங்குது. இடம் இங்கிலாந்து இல்லை, ஸ்ரீரங்கப்பட்டினம், 1799.

பாடசாலையில் 'கதைக்களம்' எண்டு கேட்டால் ஊரின்ர பெயரையும் காலத்தையும் எழுதிப்போட்டு அடுத்த கேள்விக்குப் போவோம். துப்பறியும் நாவலில் அது அப்பிடி ஒரு வரியில முடியிற விசயமில்லை. பூட்டின வீடு, யாரும் வெளியேற முடியாத தீவு, பனியில் நின்றுபோன ரயில் எண்டு இடம்தான் சந்தேகத்துக்குரியவர்களின் பட்டியலைப் போடுகிறது. எல்லைக்குள் இருப்பவர்களில் ஒருவர்தான் குற்றவாளி. அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் 1920இல் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே அந்த நாட்டுப்புற மாளிகையைக் கட்டி முடித்துவிட்டார் கொலின்ஸ். 1868 ஜனவரி தொடங்கி ஓகஸ்ட் வரை, சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஓல் த இயர் ரவுண்ட்' வார இதழில் தொடராக வந்த கதை இது. கவிஞர் ரி. எஸ். எலியட் தொடக்கம் பலர் இதை ஆங்கிலத் துப்பறியும் நாவல்களின் மூத்த பிள்ளையாகக் கொண்டாடியிருக்கிறார்கள்.

ஆனால் கொலின்ஸ் ஒரு வேலை செய்தார். மாளிகையைக் கட்டி அதன் வாசலைத் திறந்துவிட்டார். பிறகு வந்தவர்களில கனபேர் அந்த வாசலைப் பூட்டிப்போட்டினம். எங்கட போட்டோக்கொப்பியும் தெரியாமல் அதைத்தான் செய்திருக்கிறது.

(இனி முடிவைப் பற்றியும் கதைக்கப் போறம். 150 வருசத்துக்கு மேல ஆச்சு, கோவிக்காதேங்கோ. வாசிக்க இருக்கிற ஆக்கள் இங்கேயே நிறுத்தலாம்.)

முதலில் வீட்டைப் பார்ப்போம். யோர்க்ஷயர் கடற்கரைக்குக் கிட்ட, வெரிண்டர் சீமாட்டியின் வீடு. 1848 ஜூன் 21, மகள் ரேச்சலின் 18ஆவது பிறந்தநாள். இறந்துபோன மாமன் கேணல் ஹேர்ன்காஸில் உயிலில் எழுதிவைத்த மஞ்சள் வைரம் பரிசாக வருகிறது. அன்றிரவு அதை அவள் தன் அறையில் ஒரு அலுமாரி லாச்சிக்குள் வைக்கிறாள். அந்த அலுமாரியை நாவல் 'இந்திய அலுமாரி' எண்டுதான் சொல்லுது. அதற்குப் பூட்டும் இல்லை. காலையில் லாச்சி வெறுமை.

பிறகு வருவது முழுக்க இடத்தைப் பற்றிய விசாரணை. ரேச்சலின் அறைக் கதவுக்குப் புதிதாகப் பூசிய வர்ணத்தில், பூட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன அழிவு. உள்ளூர்ப் பொலிஸ் அதிகாரி அதைப் பொருட்படுத்தவில்லை. லண்டனிலிருந்து வந்த சார்ஜன்ட் கஃப் அதைப் பார்த்த உடனேயே பிடித்துக்கொள்கிறார். வர்ணம் காய எத்தனை மணித்தியாலம்? கடைசியாக அது ஈரமாக இருந்தது எப்போது? அந்த நேரத்தில் கதவால் போன ஆளின் உடுப்பில் வர்ணம் பட்டிருக்க வேண்டும். அப்போ யாருடைய உடுப்பு? உடனே சலவைக் கணக்குக் கொப்பியைக் கேட்கிறார். ஒரு வீட்டின் கதவும் ஊத்தை உடுப்புக் கணக்கும் சாட்சி சொல்ல வருகின்றன. இதை வாசிக்கும்போது எங்களுக்குக் கை பரபரத்தது. இண்டைக்கு வரைக்கும் துப்பறியும் கதைகள் இந்த வித்தையில்தான் பிழைக்கின்றன.

இதற்குப் பின்னால் ஒரு உண்மைச் சம்பவமும் இருக்கிறது. 1860இல் ரோட் என்ற கிராமத்து வீடொன்றில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று கொல்லப்பட்டது. ஸ்கொட்லன்ட் யார்டிலிருந்து போன இன்ஸ்பெக்டர் விச்சர், காணாமல் போன ஒரு இரவு உடையை வைத்து அந்த வீட்டின் மகளிலேயே சந்தேகப்பட்டார். ஒரு கனவானின் வீட்டுக்குள் ஒரு பொலிஸ்காரன் புகுந்து பெண்பிள்ளையின் உடுப்பைத் தேடுவதா எண்டு நாடே கொதித்தது. விச்சரின் பெயர் கெட்டது. ஐந்து வருசம் கழித்து அந்த மகளே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். துப்பறியும் பிரிவு தொடங்கியதே 1842இல்தான். வசதியான வீட்டின் உள்ளறைக்குள் அரசாங்கம் வரலாமா என்பது அந்தக் காலத்து மத்தியதர வர்க்கத்துக்குப் பெரிய பயம். கஃப் கேட்கும் சலவைக் கொப்பிக்குள் அந்தப் பயம் முழுக்க இருக்கிறது.

வீட்டுக்குள் வேலைக்காரருக்கு அந்த மாதிரி மறைவிடம் ஒன்றும் இல்லை. ரோசானா ஸ்பியர்மன் எண்டொரு பணிப்பெண், முன்னர் களவுக்காகச் சிறையில் இருந்தவள். அவளுக்கென்று இருக்கிற ஒரே இடம் வீட்டுக்கு வெளியே, கடலோரத்தில் இருக்கும் ஒரு புதைமணல். இரண்டு பாறை முனைகளுக்கு நடுவில், வற்றும் பெருகும் மாறுகிற நேரத்தில் அந்த மணல் முழுக்க நடுங்கும். கொலின்ஸ் அதுக்கு வைத்த பெயரே நடுங்கும் மணல் எண்டதுதான். பறவைகூட அந்தப் பக்கம் போறதில்லையாம். ரோசானா மட்டும் ஓய்வு நேரத்தில் அங்கே போய்க் குந்தியிருப்பாள். கடைசியில் அங்கேயே இறங்கிப் போய்விடுகிறாள்.

எங்களில் ஒருத்திக்கு நாவல் முழுவதிலும் பிடித்த இடம் இதுதான். ரேச்சலுக்குப் பூட்டக்கூடிய அறை இருக்கு, ரோசானாவுக்கு ஒரு புதைமணல்தான் இருக்கு எண்டு அவள் சொன்னாள். அது மட்டுமில்லை. ரோசானா ஒரு பெட்டியைச் சங்கிலியில் கட்டி அந்த மணலுக்குள் இறக்கிவிட்டிருப்பாள். ஒரு வருசத்துக்குக் கிட்டப் போன பிறகு ரேச்சலின் மச்சான் ஃபிராங்க்ளின் பிளேக் அதை இழுத்து எடுக்கிறான். உள்ளே வர்ணம் பட்ட இரவு அங்கி. கழுத்துப் பக்கம் எழுதியிருக்கும் பெயரைப் பார்க்கிறான். அவனுடைய பெயர்! கள்ளனைப் பிடிக்கவேணும் எண்டு பொலிஸைக் கூப்பிட்டு ஓடித்திரிந்தவனே வைரத்தை எடுத்தவன். அது அவனுக்கே தெரியாது, ஏனெண்டா அன்றிரவு அவனுக்குத் தெரியாமல் டாக்டர் ஒருவர் அபின் கலந்த மருந்தைக் குடுத்திருந்தார்.

இதுவரைக்கும் சொன்னது எங்கட போட்டோக்கொப்பியிலும் இருந்த கதை. இனி இல்லாமல் போன பக்கங்களுக்கு வருவோம்.

ஸ்ரீரங்கப்பட்டினம் காவிரி நடுவில் இருக்கிற ஒரு தீவு. அதே காவிரி கீழே வந்து இன்னொரு தீவைச் சுற்றுகிற இடத்தில்தான் எங்களுக்குத் தெரிந்த ஸ்ரீரங்கம் இருக்கிறது. இரண்டிலும் அரங்கநாதர் கோயில். தீவாக இருந்ததால் திப்பு சுல்தானின் தலைநகருக்கு ஆறே அகழி. மழைக்காலம் தொடங்கினால் ஆற்றைக் கடக்க ஏலாது, அதனால் அதுக்கு முதல் கோட்டையைப் பிடிக்கவேணும் எண்டது கம்பனிப் படையின் கணக்கு. வேலூரில் திரண்டு புறப்பட்ட சென்னைப் படையும் அதோடு சேர்ந்த மற்றப் படைகளும் பீரங்கியால் மதிலை உடைத்து, 1799 மே 4 பகல் ஒரு மணியளவில் வற்றிக்கிடந்த ஆற்றுக்குள் இறங்கின. பின்னேரத்துக்குள் திப்பு இறந்துவிட்டார். உடல்களின் குவியலுக்குள் இருந்துதான் அவரைத் தேடி எடுத்தார்கள். அன்றிரவு நகரம் கொள்ளை போனது. (அந்தப் படையில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். அதை மறைச்சுக் கதைக்கிறது சரியில்லை.)

கொலின்ஸ் தன் கற்பனைக் கேணலை அந்த இரவுக்குள் அனுப்புகிறார். தீப்பந்தம் ஒரு கையில், இரத்தம் சொட்டும் குத்துவாள் மறு கையில். இரண்டு இந்தியர்கள் செத்துக் கிடக்கிறார்கள், மூன்றாமவர் சாகும் தறுவாயில் சாபம் போடுகிறார். வாளின் பிடியில் அந்த மஞ்சள் வைரம். இதைப் பார்த்த மச்சான் ஒருவர் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கொன்றதைக் கண்ணால் காணவில்லை, ஆதாரமில்லை, ஆகவே பகிரங்கமாகச் சொல்ல முடியாது என்கிறார். அத்தோடு விசயம் முடிந்தது. பொலிஸ் இல்லை, சார்ஜன்ட் கஃப் இல்லை, சலவைக் கொப்பி இல்லை. மூன்று கொலையும் ஒரு களவும் ஒரு குடும்பக் கடிதத்துக்குள்ள மடிச்சு வைக்கப்பட்டிட்டுது.

இந்த இடத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் தொடங்கியது. அந்தப் புத்தகத்தில் இரண்டு களவு இருக்கு. யோர்க்ஷயரில் நடந்தால் அது 'கேஸ்'. ஸ்ரீரங்கப்பட்டினத்தில் நடந்தால் அது குடும்பத்துக் கதை. எது விசாரிக்கப்படவேண்டிய குற்றம் எண்டதை அது நடந்த இடமே முடிவு செய்யுது. நாங்கள் கதைக்களம் எண்டு ஒரு வரியில் எழுதிப் பழகின விசயம் இவ்வளவு வேலை செய்யுமா எண்டு யோசித்தோம்.

வரலாற்றைப் பார்த்தால் கொலின்ஸ் சும்மா எழுதவில்லை எண்டு தெரியும். கொள்ளைக்குப் பிறகு ஒழுங்கை நிலைநாட்டும் பொறுப்பு ஆதர் வெல்லெஸ்லியிடம் வந்தது. பிற்காலத்தில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு அவர்தான். அடுத்த வருசக் கடைசியில் ஒரு படையெடுப்புக்குப் படை சேர்க்க எங்கட திருகோணமலைக்கும் வந்து நின்றவர். அவர் கொள்ளையடித்த சிலரைத் தூக்கில் போட்டார். நாவலிலும் தளபதி பெயர்ட் அப்படியே எச்சரிக்கிறார். சரி, அப்போ கொள்ளை குற்றம்தானே? அங்கேதான் ஒரு நுணுக்கம். தனியாகப் பொக்கற்றுக்குள் போட்டால் குற்றம். கணக்கெடுத்து, ஏலம் போட்டு, பதவிப்படி பங்கு பிரித்தால் அது பரிசுப்பணம். அதைச் செய்யவென்றே அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். தலைமைத் தளபதி ஹரிஸுக்கு ஒரு லட்சம் பவுணுக்கு மேல் பங்கு. சாதாரண சிப்பாயின் கைக்கு வந்தது சில பவுண்கள். திப்புவின் சிம்மாசனத்தை உடைத்துத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். அதிலிருந்த பொற்புலித் தலை அரச குடும்பத்திடம் போனது. வெள்ளைக்காரனைக் கடிக்கும் புகழ்பெற்ற மரப்புலி இப்போது லண்டனில் விக்டோரியா அன்ட் அல்பர்ட் மியூசியத்தில் நிற்கிறது. ஹேர்ன்காஸில் செய்த பிழை, படை முழுவதும் வரிசையில் நின்று செய்ததைத் தனியச் செய்ததுதான்.

இன்னொரு வைரமும் கதைக்குள் நிழலாக வருகிறது. நாவலின் முன்னுரையில் கொலின்ஸே கோஹினூரைக் குறிப்பிடுகிறார். 1849இல் பஞ்சாப்பைக் கம்பனி விழுங்கியபோது, பத்து வயதுப் பையனாக இருந்த மகாராஜா துலீப் சிங்கிடமிருந்து ஒப்பந்தம் மூலம் எடுக்கப்பட்டது அது. 1850 ஜூலையில் விக்டோரியா மகாராணியின் கைக்கு வந்தது. 1851 கண்காட்சியில் சனம் வரிசையில் நின்று பார்த்தது. இப்போது நாவலின் திகதிகளைப் பாருங்கோ. 1848இல் மூன்ஸ்டோன் யோர்க்ஷயருக்கு வருகிறது, 1850இல் இந்தியாவுக்குத் திரும்பிவிடுகிறது. நிஜத்தில் ஒரு வைரம் இங்கிலாந்தில் இறங்கிய அதே வருசத்தில் கதையில் ஒரு வைரம் வீட்டுக்குப் போகிறது. 1868 வாசகர்கள் இதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள் எண்டு நாங்கள் நம்பவில்லை.

வைரத்தைத் தேடி வந்த மூன்று பிராமணர்கள் செப்படிவித்தைக்காரர் வேடத்தில் அந்த வீட்டு முற்றத்துக்கு வருகிறார்கள். வைரம் காணாமல் போனதும் முதலில் பிடிபடுவதும் அவர்கள்தான். அந்த இரவு அவர்கள் வீட்டுக்குக் கிட்டவும் வரவில்லை எண்டது நிரூபணமாகிறது. இருந்தும் நாடோடிகள் எண்டு ஏதோ ஒரு சட்டத்தைத் தேடிப்பிடித்து ஒரு கிழமை உள்ளே போடுகிறார் நீதவான். இடத்துக்குப் பொருந்தாத முகம் எண்டா முதலில உள்ள போடு, பிறகு யோசிப்பம். இதை வாசித்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். சோதனைச் சாவடிகளைப் பற்றி வீட்டில பெரியாக்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

மர்மம் எப்படி அவிழ்கிறது என்பதும் இடம் சம்பந்தப்பட்டதுதான். டாக்டரின் உதவியாளர் எஸ்ரா ஜெனிங்ஸ். அவர் காலனி ஒன்றில் பிறந்தவர், கலப்பினம், ஊர் முழுக்க வெறுக்கிற மனுசன். அவர் ஒரு பரிசோதனை சொல்கிறார். பிளேக்குக்கு மறுபடியும் அபின் குடுப்போம், வீட்டைப் போன வருசம் அன்றிரவு இருந்த மாதிரியே ஆக்குவோம், அவன் அதே வழியால் நடக்கிறானா பார்ப்போம். கம்பளம், கதவு, தளபாடம் எல்லாம் பழைய இடத்துக்கு வருகின்றன. வீட்டுப் பொறுப்பாளர் பெட்டரெட்ஜ் கிழவர், பஞ்சு அடைத்த பருந்து பொம்மை நின்ற மூலையைப் பற்றிக்கூட விவாதம் பண்ணுகிறார்! சிரிப்பாகவும் இருக்கும், விசித்திரமாகவும் இருக்கும். பிளேக் எழும்பி நடந்துபோய், வைரமென்று வைத்த கண்ணாடிக் கல்லை எடுக்கிறான். அவன் களவெடுக்க எடுக்கவில்லை, வைரத்துக்கு ஆபத்து எண்ட பயத்தில் மயக்கத்தில் எடுத்தான் எண்டு நிரூபணமாகிறது. அவனிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு போய் அடகு வைத்தவன், தரும ஸ்தாபனங்களில் பெயர்போன கொட்ஃப்ரி ஏபிள்வைட்.

(அபினும் இந்தியாவிலிருந்துதான் போயிருக்கும், சூப்பர் பொயின்ட் எண்டு எழுத ஆசைப்பட்டோம். தேடிப் பார்த்தால் இங்கிலாந்தில் மருந்துக்குப் பாவித்த அபினில் பெரும்பகுதி துருக்கியிலிருந்து வந்தது. விட்டுட்டம்.)

ஆக, ஒரு ஆங்கிலக் கனவான் கள்ளனில்லை எண்டு காட்டுவதற்காக ஒரு முழு வீட்டையும் பருந்து பொம்மை வரைக்கும் மீட்டு வைக்கிறார்கள். இதற்குச் சமமாக நாவலில் இன்னொரு மீட்பும் இருக்கிறது. கடைசிப் பக்கங்களில், கத்தியவாரில், நிலவில், சோமநாதபுரத்தில், வைரம் மறுபடி சந்திர தெய்வத்தின் நெற்றியில். கொட்ஃப்ரியைக் கொன்று அதை மீட்ட மூன்று பேரும் சாதி ஆசாரத்தை மீறியதற்குப் பிராயச்சித்தமாக மூன்று திசையில் பிரிந்து போகிறார்கள். இதைப் பார்த்து எழுதுவது மேர்த்வெய்ட் என்ற ஆங்கிலப் பயணி. அவர்களைப் பிடி எண்டு அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் எங்களில் ஒருவர் இதற்கு மசியவில்லை. அவரின் வாதம் இது: யோர்க்ஷயரில் வர்ணம் காயும் நேரம்வரை கணக்கிருக்கு. சோமநாதபுரத்தில் என்ன இருக்கு? நிலவு, மலை, வெள்ளை உடுத்த சனக்கூட்டம். நாடக மேடையின் பின்திரை மாதிரி. கொலின்ஸ் இந்தியாவுக்குப் போனதே இல்லை. அந்தக் காலத்து ஆங்கில வாசகருக்குச் சோமநாதபுரம் எண்டால் 1842 ஞாபகம் வந்திருக்கும். சோமநாதர் கோயில் கதவுகளை மீட்டுவிட்டோம் எண்டு கவர்னர் ஜெனரல் எலன்பரோ கஸ்னியிலிருந்து ஆர்ப்பாட்டமாக எதையோ கொண்டுவர, அவை அந்தக் கோயிலின் கதவுகளே இல்லை எண்டு தெரியவந்து ஆக்ரா கோட்டையில் போட்டுவிட்டார்கள். மற்றது, இந்த நாவலை மாறி மாறிப் பலர் சொல்கிறார்கள். வேலைக்காரக் கிழவர், மதப்பிரசங்கி மாமி, வக்கீல், பொலிஸ், டாக்டர், எல்லாரும். அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் ஒரு பக்கமும் இல்லை.

இதுக்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. 1857 கிளர்ச்சி முடிந்து பத்து வருசம்தான். இந்தியர் எண்டாலே பழிவாங்கவேணும் எண்டு எழுதிய பத்திரிகை உலகம். டிக்கன்ஸே அந்தக் கோபத்தில் இருந்தவர். அவருடைய இதழிலேயே முதல் கள்ளன் ஒரு பிரிட்டிஷ் கேணல், கடைசிக் கள்ளன் ஒரு பிரிட்டிஷ் தருமவான் எண்டு எழுதினது சின்ன விசயமில்லை. அதே நேரம் மூன்று பேரின் வாயைக் கட்டிவிட்டுத்தான் அதை எழுதினார். இரண்டும் சரி.

திப்புவின் பொற்புலி வின்சரில் இருக்கிறது எண்டு தேடும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. 1815இல் எடுக்கப்பட்ட கண்டி அரசனின் சிம்மாசனமும் வின்சர் கோட்டையில்தான் இருந்தது. 1934இல் திருப்பித் தந்தார்கள். கொழும்பு மியூசியத்துக்குப் பாடசாலைச் சுற்றுலா போனபோது அதுக்கு முன்னால நின்று கதைத்துச் சிரித்துவிட்டு வந்திருக்கிறோம். 1765இல் டச்சுக்காரர் கண்டியில் எடுத்த லெவ்கே பீரங்கி ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்துசேர 2023 ஆனது. இதுகளைப் பற்றி ஒரு சார்ஜன்ட் கஃப்பும் சலவைக் கொப்பி கேட்கவில்லை.

அந்தச் சில பக்கங்களையும் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறோம், புத்தகத்தின் முன்னால் ஒட்டுவதற்கு. புத்தகத்தைத்தான் காணேல்ல. கடைசியாக இரண்டாம் வருசப் பிள்ளை ஒருத்தர் வாங்கினதாக ஞாபகம். யாரிட்ட இருந்தாலும் தயவுசெய்து திருப்பித் தாங்கோ.